மரிம்பா: நான்கு கோல் பிடியும் ஒற்றைக் கை உருட்டும்

இரணைமடுப்பெண்:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுவுக்கு, வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர் ஒருவர் தாம் வாசித்துவந்த மரிம்பாவை, மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவியை, அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். 4.3 ஸ்தாயி, ரோஸ்வுட் கட்டைகள், அவற்றின் கீழே அலுமினியக் குழாய்கள். கருவி வந்து சேர்ந்துவிட்டது, கற்றுத்தரத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. கையில் ஒன்றாக இரண்டு கோல்களால் பாடல்களின் மெட்டை வாசிக்க எனக்கு வரும். இப்போது நான்கு கோல்களுக்கு மாறியிருக்கிறேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும் வெளிக்கோலைப் பிடிக்க, பெருவிரலும் சுட்டுவிரலும் உள்கோலைத் தாங்கும் முறை. ஸ்டீவன்ஸ் பிடி என்கிறார்கள்.

சிக்கல் உருட்டில் இருக்கிறது. வலது கை மெட்டை வாசிக்கும்போது, இடது கை மட்டும் இரண்டு சுரங்களை மாறி மாறித் தட்டி அறாமல் நீட்ட வேண்டும். என் இடது கையில் உள்கோல் அழுத்தமாக விழுகிறது, வெளிக்கோலின் ஒலி கேட்பதே இல்லை. வேகத்தைக் கூட்டினால் முழங்கைக்குக் கீழே இறுகி வலி எடுக்கிறது. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் கொப்புளம். பழகப் பழகச் சரியாகிவிடுமா, பிடியையே மாற்ற வேண்டுமா? மடு ஆவணித் திருவிழாவுக்கு முன்னர் ஒரு பாடலையாவது ஒழுங்காக வாசித்துவிட வேண்டும் என்பது ஆசை.

மல்லாவி_ரொறன்ரோ:

தங்கச்சி, வாசிக்கும்போது வலித்தால் அந்த இடத்திலேயே கோல்களைக் கீழே வையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்தால் பலம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொப்புளம் தோலின் விடயம், ஆறிவிடும். முன்கை இறுக்கம் அப்படியல்ல. கை தன் வேலையைத் தப்பான தசைகளிடம் கொடுத்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

நான் இங்கே தாள இசைக்கருவிகளையே படித்தவன், பல ஆண்டுகளாகச் சொல்லியும் கொடுக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்தவுடன் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: வாசிக்கும்போது உங்கள் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஸ்டீவன்ஸ் பிடியில் பெருவிரல் நகம் முகட்டைப் பார்க்க வேண்டும், உள்ளங்கை பக்கவாட்டில் நிற்க வேண்டும். இது அழகுக்காகச் சொல்லப்பட்டது அல்ல. முன்கையில் ஆரை, அரந்தி என்று இரண்டு எலும்புகள். கையைத் திருப்பும்போது ஆரை எலும்பு அரந்தியைச் சுற்றிக் கடக்கிறது. உள்ளங்கை தரையைப் பார்த்தால் உட்பக்கத் திருப்பம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, மேலும் திரும்ப இடமில்லை. பெருவிரல் மேலே இருந்தால் கை நடுநிலையில் நிற்கிறது, இரு பக்கமும் இடம் கிடைக்கிறது. உட்பக்கம் திரும்பினால் உள்கோல் இறங்கும், வெளிப்பக்கம் திரும்பினால் வெளிக்கோல் இறங்கும். பூட்டில் சாவியை இப்படியும் அப்படியும் திருப்பும் அசைவு, அவ்வளவுதான். ஒற்றைக் கை உருட்டு முழுவதும் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. விரல்கள் கோல்களைத் தாங்குகின்றன, தட்டுவது அவற்றின் வேலை இல்லை. விரலால் தட்டப் போனால் பெருவிரலும் சுட்டுவிரலும் கெட்டிக்காரர்கள், சுண்டுவிரல் பாவம். உள்கோல் அழுத்தமாக விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

உள்கோலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கோலின் அடிமுனை பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையில் பதிய வேண்டும். தண்டு சுட்டுவிரலின் முதல் மூட்டுக்கு அருகே பக்கவாட்டில் கிடக்க வேண்டும். பெருவிரல் மேலே மெல்லப் படிந்திருந்தால் போதும். நடுவிரல் நுனி அடிமுனையை உள்ளங்கையில் நிறுத்திவைக்கும். இந்த நடுவிரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தளர்ந்தால் பெருவிரல் அழுத்தத் தொடங்கும், அந்த அழுத்தம் முன்கை வரை ஏறும்.

பிடியை இப்போது மாற்ற வேண்டாம். வேகத்தை மறந்துவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு உருட்டு என்ற சொல்லே உங்கள் பயிற்சியில் வரக்கூடாது.

வவுனியா_ரீச்சர்:

மல்லாவித் தம்பி சொன்ன உடற்கூறு சரிதான். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும். நான் பாடசாலை மேற்கத்திய இசைக்குழுவில் சைலபோன் பழக்குகிறவள். சின்னக் கைகளுக்குக் குறுக்குப் பிடிதான் உடனே அடங்குகிறது. இரண்டு கோல்களும் உள்ளங்கையில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே நான்கு சுரங்களையும் சேர்த்துத் தட்டிவிடுவார்கள். கோல் கையை விட்டுப் பறக்காது. ஆசிரியர் அருகில் இல்லாத இடத்தில், பிடி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா? உலோகக் கட்டைகள் கொண்ட வைப்ரபோனை வாசிக்கும் கேரி பர்ட்டன் பெயரால் வழங்கும் பிடியும் குறுக்குப் பிடிதான். மரிம்பாவை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன ஜப்பானியக் கலைஞர் கெய்கோ அபேயும் குறுக்குப் பிடிக்காரர். அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

மல்லாவி_ரொறன்ரோ:

ஒன்றும் குறையவில்லை, ரீச்சர். கெய்கோ அபேயின் வாசிப்பைக் கேட்டவர்கள் பிடியைப் பற்றிச் சண்டை பிடிக்க மாட்டார்கள். கனமான கூட்டுச் சுரங்கள், இரண்டு கோல்களும் ஒரேயடியாக இறங்கும் தாக்கம், வைப்ரபோனில் ஓடும் ஒற்றைச் சுர வரிசைகள், இவற்றுக்குக் குறுக்குப் பிடி கொடுக்கும் உறுதி தனி. உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் தேர்ந்தது சரியான பிடி என்றே நானும் சொல்வேன்.

இந்தத் தங்கச்சி கேட்பது வேறு. இடது கை தனியே உருட்ட வேண்டும், வலது கை தனியே பாட வேண்டும். அதற்கு இரண்டு கோல்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே அசைவது பெரும் உதவி. குறுக்குப் பிடியிலும் ஒற்றைக் கை உருட்டு வாசிக்கிறார்கள், முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்டுகள் உராயும், இடைவெளி விரியும்போது கை வேலை கூடும். அமெரிக்க மரிம்பாக் கலைஞர் கிளேர் ஓமர் மஸரின் பிடியில் கோல்கள் குறுக்கிடாமலே நின்றன. லீ ஹவர்ட் ஸ்டீவன்ஸ் அதை எடுத்து, உள்ளங்கையை நிமிர்த்தி, விரல்களின் வேலைகளைப் பிரித்தார். 1979 இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலில் 590 பயிற்சிகள் இருக்கின்றன. அவை பிரிக்கப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள்: ஒரு கோல் அசையாமல் நிற்க மற்றக் கோல் தட்டுவது, இரண்டும் மாறி மாறித் தட்டுவது, இரண்டும் சேர்ந்து விழுவது, ஒரே கை வீச்சில் அடுத்தடுத்து இரண்டும் விழுவது. ஒற்றைக் கை உருட்டு என்பது இவற்றில் இரண்டாவது அடியின் வேகமான வடிவம். ஆனபடியால் முதல் இரண்டும் மெதுவாக, சுத்தமாக வரும் வரை உருட்டுக்குக் கதவு திறக்காது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

முள்ளியவளைத்_தவில்:

மரிம்பாவை நான் கண்ணால் கண்டதில்லை, காணொளியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இடது கையும் வலது கையும் வெவ்வேறு வேலை செய்வது எங்களுக்குப் புதிதில்லை. தவிலில் ஒரு பக்கம் கழி, மறுபக்கம் விரல்களில் கூடு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவு முழுவதும் வாசிக்கிறவன் கையை இறுக்கினால் விடியும் முன்பே ஓய்ந்துவிடுவான்.

மெதுவாக, சுத்தமாக என்று அண்ணன் சொல்வது சரி. எப்படி என்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. தங்கச்சி, தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். வெளி, உள், வெளி, உள் என்று மாறி மாறித் தட்டியபடி வாயால் "தகதிமி" சொல்லுங்கள். நான்கு அடிக்கு நான்கு எழுத்து. முதல் எழுத்தில் மட்டும் சற்று அழுத்தம். இப்படிச் சொன்னால் அழுத்தம் எப்போதும் வெளிக்கோலில்தான் விழும். உங்கள் வெளிக்கோல் தானே நோஞ்சான், அதற்கு இது மருந்து.

அடுத்து "தகிட". அடி மாறி மாறித்தான் போகிறது, எழுத்து மூன்று. ஆகவே முதல் தகிடவில் அழுத்தம் வெளிக்கோலில், அடுத்த தகிடவில் உள்கோலில், அடுத்ததில் மறுபடியும் வெளிக்கோலில் விழும். கோல்களைத் தொடாமலே அழுத்தம் இடம் மாறுகிறது. எந்தக் கோல் திருடுகிறது என்று காது உடனே சொல்லிவிடும். பிறகு "தகதகிட", ஐந்து எழுத்து. அதிலும் அழுத்தம் கோல் மாறும். கால் தாளத்தைப் பிடிக்க, வாய் சொல்லைச் சொல்ல, கை பின்னால் வரட்டும். வாயில் தெளிவாக வராதது கையில் வராது என்பது எங்கள் பாடம். ஒரு காலத்தில், அதாவது ஒரு வேகத்தில், முடித்த பிறகே அடுத்த காலம். முதற்காலம் சலிப்புத் தட்டுகிறது என்று பாய்கிறவன் கையில் மூன்றாம் காலம் எப்போதும் உடைந்துதான் நிற்கும்.

மல்லாவி_ரொறன்ரோ:

ஐயா, இதை வாசித்துவிட்டு இங்கே என் பயிற்சி அறைக்குப் போய் தகிடவைச் சொல்லியபடி தட்டிப் பார்த்தேன். மேற்கத்திய முறையில் இதே பயிற்சியை மும்மைக் குறிகளாக எழுதித் தருவார்கள், பிள்ளைகள் எண்ணி எண்ணித் தடுமாறுவார்கள். வாயில் சொல் இருந்தால் எண்ண வேண்டியதே இல்லை. தங்கச்சி, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிக்கு ஒரு குறிப்பு மட்டும். ஸ–ப அல்லது ஸ–ம தூரத்தில் தொடங்குங்கள். அந்த அகலத்தில் கை இயல்பாக விரிந்து நிற்கும். அருகருகே உள்ள இரண்டு கட்டைகளும், முழு ஸ்தாயித் தூரமும் பின்னர் வரட்டும். மிக நெருங்கினாலும் மிக விரிந்தாலும் திருப்பம் தடைப்படும், விரல்கள் மறுபடி உதவிக்கு ஓடிவரும்.

மாங்குளம்_மாணவன்:

எங்கள் பாடசாலைக் குழுவில் கிளாக்கன்ஸ்பீல் ஒன்று இருக்கிறது. அதில் நான்கு கோல் பிடி பழகலாமா?

வவுனியா_ரீச்சர்:

பிடி பழகலாம் தம்பி, உருட்டு பழக வேண்டாம். உலோகக் கட்டை ஒருமுறை தட்டினாலே நீண்ட நேரம் ஒலிக்கும். அதில் உருட்டினால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, எந்தக் கோல் ஒழுங்கில்லாமல் விழுகிறது என்று காதுக்குத் தெரியாது. கட்டைகளும் மிகவும் ஒடுக்கம். பாடசாலைக் கருவியைக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

ஒட்டுசுட்டான்_தச்சர்:

இந்த இழையை என் மகள் காட்டினாள். இசை எனக்குத் தெரியாது, மரம் தெரியும். பயிற்சிக்கு ஒலி தேவையில்லை என்றால் ஒரு பலகை போதாதா? பழைய வீட்டுக் கதவு நிலையில் கழற்றிய முதிரைப் பலகை எந்த ஊரிலும் கிடைக்கும். காய்ந்து இறுகிய மரம், இனி வளையாது. மேலே சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டி, சோக்கட்டியால் கட்டைகளின் அகலத்துக்குக் கோடு போட்டால் இரவில் அயலாரை எழுப்பாமல் பழகலாம். பங்கு மண்டபம் பூட்டியிருக்கும் நேரமெல்லாம் பிள்ளை சும்மா இருக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி. படத்தில் பார்த்தால் கட்டைகளை ஒரு கயிறு துளைத்துப் போகிறது. அந்தத் துளை ஓரத்திலும் இல்லை, நடுவிலும் இல்லை. அது ஏன்?

மல்லாவி_ரொறன்ரோ:

அருமையான கேள்வி ஐயா, இது உருட்டுக்கும் நேரடியாகப் பொருந்தும். கட்டை அதிரும்போது நடுப்பகுதியும் இரு முனைகளும் மேலும் கீழும் அசையும். இடையில் இரண்டு இடங்கள் அசையாமல் நிற்கும். சீரான கட்டையில் அந்த இடம் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 சதவீதத்தில் வரும். 40 செ.மீ. கட்டையென்றால் முனையிலிருந்து ஏறத்தாழ 9 செ.மீ. கயிறு அங்கே போனால்தான் அதிர்வு செத்துப்போகாது. மரிம்பாக் கட்டையின் அடிவயிற்றை வளைவாகக் குடைந்திருப்பார்கள், ஆகவே அந்த இடம் கொஞ்சம் நகரும்.

நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரு கட்டையை இரண்டு பஞ்சுத் துண்டுகளின் மேல் வைத்து, மேலே மெல்லிய உப்பைத் தூவி, நடுவில் மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். உப்பு துள்ளித் துள்ளி ஓடி, குறுக்கே இரண்டு கோடுகளாக வந்து ஒதுங்கும். அந்தக் கோடுகள்தான் அசையாத இடங்கள்.

இப்போது வெளிக்கோல் விடயத்துக்கு வருகிறேன். கயிற்றுக்கு மேலே தட்டினால் ஒலி மங்கும். தங்கச்சி, உங்கள் உள்கோல் கட்டையின் நடுவிலும் வெளிக்கோல் கயிற்றுக்கு அருகிலும் விழுந்தால், கை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒலி ஒழுங்காக வராது. இடது முழங்கையை உடலோடு ஒட்டி நின்றால் கோல் தலைகள் இரண்டும் சரிந்த கோட்டில் நிற்கும். முழங்கையைச் சற்று விலக்குங்கள், அல்லது ஓர் அடி இடதுபக்கம் நகர்ந்து நில்லுங்கள். மரிம்பாக்காரர் காலாலும் வாசிக்கிறார் என்பது இதனால்தான். மேல்வரிசைக் கட்டைகளில் நடுவை எட்ட முடியாதபோது ஓரத்து முனையில் தட்டலாம், அங்கே ஒலி வரும். நடுவுக்கும் முனைக்கும் இடையில் உள்ள கயிற்றை மட்டும் தவிருங்கள்.

இரணைமடுப்பெண்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தச்சர் ஐயா, பலகைக்கு எங்கள் மாமாவிடம் சொல்லிவிட்டேன். பெருவிரலை மேலே வைத்து, தகதிமியை மிக மெதுவாகச் சொல்லிப் பழகுகிறேன். முன்கை வலி நின்றுவிட்டது. வெளிக்கோலின் ஒலி இப்போது காதில் விழுகிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். மண்டபத்தில் காலையில் வாசிக்கும்போது கருவி நன்றாகப் பாடுகிறது. பின்னேரம் மூன்று மணிக்கு அதே கருவி ஊமையாகிவிடுகிறது, நான் ஓங்கித் தட்டினாலும் ஒலி எழவில்லை. தகரக் கூரை, சோளகக் காற்று அடிக்கும் மாதம். கருவிக்கு ஏதாவது நடந்துவிட்டதா? மற்றது, உருட்டு எவ்வளவு வேகத்தில் இருக்க வேண்டும்?

மல்லாவி_ரொறன்ரோ:

கருவிக்கு ஒன்றும் நடக்கவில்லை. வெப்பம் கூடும்போது மரக்கட்டையின் சுரம் சற்று இறங்கும். கட்டையின் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் கீழே உள்ள குழாயில் நடப்பது தலைகீழ். சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் குழாயின் சுரம் ஏறும். 20 பாகையில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீற்றர், 30 பாகையில் சுமார் 349 மீற்றர். அந்த வித்தியாசமே குழாயை ஏறத்தாழ அரைச் சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்திவிடும். கட்டை ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம் என்று போனால் குழாய் கட்டைக்குக் கைகொடுக்காது. அந்த நேரத்தில் ஓங்கித் தட்டினால் கட்டைக்கும் கேடு, உங்கள் முன்கைக்கும் கேடு. காலையில் கருவியில் வாசியுங்கள், பின்னேரத்தைப் பலகைக்கு ஒதுக்குங்கள். கட்டைகள் மேல் வெயில் நேரே விழாமல் ஒரு தடித்த துணியால் மூடிவையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் உள்ளே தங்கும்.

வேகத்துக்கு ஒரே விடை கிடையாது. தாழ்ந்த கட்டைகள் பெரியவை, நீண்டு ஒலிக்கும். அங்கே நிதானமான உருட்டே இழையாகக் கேட்கும், வேகப்படுத்தினால் தட்டும் சத்தம்தான் கூடும். மேலே போகப் போக ஒலி சீக்கிரம் அறும், உருட்டும் வேகமெடுக்க வேண்டும். உங்கள் இடது கை பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கப்போகிறது. ஆகவே உங்களுக்குத் தேவைப்படும் வேகம், நீங்கள் பயந்ததைவிடக் குறைவு. கோல் தலையில் சுற்றிய கம்பளி நூல் மென்மையாக இருந்தால் தட்டும் சத்தம் அடங்கும், இன்னும் மெதுவாக உருட்டலாம். மிக மென்மையான கோலால் மேல் ஸ்தாயியில் தட்டினால் ஒலி மூச்சுவிடாது. ஆகவே இடது கைக்கு மென்மையான சோடியும் வலது கைக்கு அதைவிடச் சற்றுக் கடினமான சோடியும் எடுங்கள், மெட்டு மேலே தெளிவாக நிற்கும்.

முள்ளியவளைத்_தவில்:

உருட்டத் தொடங்கிய பிறகு சொற்கட்டை விட்டுவிட வேண்டும். உருட்டுக்குள் தகதிமி கேட்டால் அது பாட்டின் தாளத்தோடு மோதும். பழகும்போது எண்ணிக்கை, பாடும்போது ஒழுக்கு.

வவுனியா_ரீச்சர்:

இதை நான் முழுமையாக ஏற்கிறேன். தங்கச்சி, எந்தப் பாடலை எடுக்கப்போகிறீர்கள் என்று சொன்னால், இடது கைக்கு எந்த இரண்டு சுரங்கள் என்று எழுதித்தருகிறேன். ஒரு வரிக்கு ஒரு சோடி போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் சோடியை மாற்றப் போனால் உருட்டு நிலைக்க நேரமிருக்காது.

இரணைமடுப்பெண்:

மிகவும் நன்றி ரீச்சர். பாடலைத் தனிமடலில் அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: ஒரு சோடியிலிருந்து அடுத்த சோடிக்குப் போகும் இடத்தில் உருட்டு அறுந்து ஓர் ஓட்டை விழுகிறது. அதை எப்படி மூடுவது?

மல்லாவி_ரொறன்ரோ:

பாடல் மூச்சு எடுக்கும் இடத்தில் அந்த ஓட்டை விழட்டும். பாடகர் குழு மூச்சு எடுக்கும்போது நீங்களும் கையைத் தூக்குங்கள், மூட வேண்டியதில்லை. மூச்சு இல்லாத இடத்தில் மாற வேண்டியிருந்தால், கடைசி அடியை வெளிக்கோலில் முடித்து, புதிய சோடியை உள்கோலில் தொடங்குங்கள். உள்கோல் மெட்டுக்கு அருகில் இருப்பதால் கேட்பவர்களின் காது அதைப் பிடித்துக்கொள்ளும், வெளிக்கோல் தன் கட்டைக்கு வந்து சேர ஓர் அடி நேரம் கிடைக்கும். மாறுவதற்குச் சற்று முன்னர் ஒலியைக் குறைத்து, புதிய சோடியை அதே தாழ்ந்த ஒலியில் தொடங்கிப் பிறகு மெல்லக் கூட்டுங்கள். முதலில் பலகையில், உருட்டு இல்லாமல், வெறும் நகர்வை மட்டும் பழகுங்கள்: கண் புதிய கட்டைக்கு முன்னே போக வேண்டும், கை அதைத் தொடர வேண்டும். தாவும் தூரம் ஒரு ஸ்தாயியைத் தாண்டினால் ரீச்சரிடம் சொல்லிச் சோடியை மாற்றி எழுதச் சொல்லுங்கள், அருகில் கிடைக்கும் சுரத்தால் அதே கூட்டொலியை அமைத்துக்கொள்ளலாம்.